ப்ளாட்கினின் சுண்டு விரல்

இஸிடோர் ப்ளாட்கின் எங்கே உட்கார்ந்தாலும் இடது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். சுரங்க ரயிலிலும் பார்ப்பார், சாப்பாட்டுக் கடையில் சூப் ஆறும் வரையிலும் பார்ப்பார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவார், மெல்ல விரிப்பார், மணிக்கட்டை முறுக்கிக்கொண்டு அப்படியே வைத்திருப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள். அவருக்கு அது தெரியவே தெரியாது. இருபத்திரண்டு வருஷம் நான் இதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கையின் சுண்டு விரல் நடுக்கணுவில் வெளிப்பக்கமாக ஒடிந்து, நுனி மட்டும் மறுபடி உள்ளே திரும்பியிருக்கும். பன்னிரண்டு வயதில் அப்பாவின் இஸ்திரிக் கடையில் இயந்திரத்தின் மூடி விழுந்து நசுங்கியது. கட்டுப் போட்ட ஆள் குடித்திருந்தாராம்.

அந்த விரலை நான் முதலில் காகிதத்தில்தான் பார்த்தேன்.

1949இல் எனக்குப் பதினேழு வயது. அதற்கு முன்பே, அப்பா துறைமுகத்தில் இறந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு, மூன்று வருஷம் உறை ஒட்டும் தொழிற்சாலையில் இருந்தேன். அந்த வருஷம்தான் நியூ யார்க்கில் ஆல்வின் ஸ்ட்ராட்டின் ஐந்தாம் மாடி அறையில் வேலை கிடைத்தது. ஸ்ட்ராட் 'ஈர மண்' என்ற திகில் சித்திரக்கதை இதழுக்குப் பக்கங்களை வரையவைத்துக் கொடுப்பவர். எனக்கு வரையத் தெரியாது. என் வேலை அழிப்பது. பென்சில் கோடுகளை ரப்பரால் தேய்க்க வேண்டும், மை சிந்திய இடத்தில் வெள்ளைப் பெயிண்ட் பூச வேண்டும், எழுத்துப் பிழை இருந்தால் சரியான சொல்லை வெட்டி ஒட்ட வேண்டும். அச்சுக்குப் படம் பிடிக்கும் கேமராவுக்கு வெள்ளைப் பெயிண்ட் தெரியாது. நான் பூசினால் அந்த இடம் பிறந்ததிலிருந்தே காலியாக இருந்தது போல அச்சாகும்.

முதல் வாரம் எனக்கு வந்த ஏழு பக்கங்களில் புதைகுழியிலிருந்து பிணங்கள் கிளம்பி வந்தன. பதினொரு கைகள். பதினொன்றிலும் சுண்டு விரல் கோணல். வரைந்தவருக்குக் கை வரையத் தெரியவில்லை என்று நினைத்தேன். யாரையும் கேட்கக் கூச்சம். எல்லாவற்றையும் வெள்ளை பூசி, மெல்லிய தூரிகையால் நேராக்கிவிட்டேன்.

மறுநாள் காலை ஒல்லியாக, சட்டைக் கைமுனையெல்லாம் மையாக ஒருவர் அந்தப் பக்கங்களைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜை முன்னால் நின்றார்.

"ஏம்மா, என் பிணத்துக்கெல்லாம் வைத்தியம் பாத்தது நீதானா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"நல்லா குணமாயிடுச்சு. இனிமே எல்லாரும் பியானோ வாசிக்கப் போகலாம்." பிறகு இடது கையை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். "மாடலுக்குக் கூப்பிட்டா வர்றவன் இவன் ஒருத்தன்தான். கோணலா இருக்கான், என்ன செய்யறது? உன் பேரு என்ன?"

"ஃபிலோமினா."

"ஃபிலோ, வெள்ளையைச் சுரண்டிடு. பயப்படாதே, உன்னைத் தின்னமாட்டேன். நான் வரையறதுங்கதான் தின்னும்."

அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து வெள்ளையைச் சுரண்டினேன். அடியில் மை அப்படியே இருந்தது.

அவர் வரைவதைப் பார்த்திருக்கிறேன். என் மேஜை அவர் மேஜைக்குப் பின்னால். மற்றவர்கள் திகில் என்றால் பல்லும் ரத்தமும் போடுவார்கள். இவர் ஒரு சமையலறையைப் போடுவார். மேஜை மேல் ரொட்டி, கத்தி, வெண்ணெய். கணவனும் மனைவியும் எதிரெதிரே. அதில் ஒருவருக்கு மட்டும் நாற்காலிக்குக் கீழே நிழல் இருக்காது. அதை நீங்கள் உடனே கவனிக்கமாட்டீர்கள். பக்கத்தைத் திருப்பின பிறகு ஏதோ குறைகிறதே என்று திரும்பி வந்து பார்ப்பீர்கள். ஈரத்தை அவர் மாதிரி யாரும் வரைந்ததில்லை. மண் சொட்டும், சுவர் வியர்க்கும். வறண்ட தூரிகையைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து, கறுப்பு மையில் அந்த ஈரத்தைக் கொண்டுவருவார்.

அத்தனையிலும் கடைசியில் என்ன பெயர் வரும்? 'ஆ. ஸ்ட்ராட்'. முதல் பக்கத்து மூலையில், வால் சுழித்த எழுத்தில்.

ஸ்ட்ராட்டுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லமாட்டேன். கார்களை நன்றாக வரைவார். பதிப்பகத்துக்காரரிடம் பேசி வேலை வாங்குவார். ஆனால் ஐந்து வருஷத்தில் அவர் ஒரு பிணத்தை முழுசாக வரைந்து நான் பார்க்கவில்லை. அந்தத் தொழிலில் அப்போது அது வழக்கம். நாலு பேர் உட்கார்ந்து வரைவார்கள், அறைக்கு வாடகை கட்டுகிறவர் கையெழுத்துப் போடுவார். யாரும் அதைத் திருட்டு என்று சொல்லமாட்டார்கள்.

ப்ளாட்கினும் சண்டை போடவில்லை. அவர் வேறொன்று செய்தார். 'ஈர மண்' இதழில் கல்லறைத் தோட்டம் இல்லாத கதையே கிடையாது. கதைக்கு ஒரு பக்கத்திலாவது, சாய்ந்து பாசி பிடித்த கற்களில் ஏதோ ஒன்றில் 'இ. ப்ளாட்கின்' என்று எழுதிவிடுவார். வரிசையில் எத்தனையாவது கல் என்று சொல்ல முடியாது. தேடினால்தான் கிடைக்கும்.

ஸ்ட்ராட் தேடுவார். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு தேடுவார்.

"யோவ் இஸி, இன்னிக்கு எங்கய்யா செத்துக்கிடக்கே?"

"நீயே கண்டுபிடி ஆல்வின். தேடினாத்தானே என் படத்தை நீ முழுசாப் பாப்பே?"

கண்டுபிடித்ததும் பக்கம் என் மேஜைக்கு வரும். "ஃபிலோ, பிளேடு வச்சுச் சுரண்டு. தடயமே இருக்கக் கூடாது."

நான் பிளேடால் சுரண்டவில்லை. வெள்ளை பூசினேன். பிற்பாடு சிலர் இதை என் துணிச்சல் என்று சொன்னார்கள். இல்லை. சுரண்டினால் அட்டை சொரசொரப்பாகும், அதன்மேல் பாசிக்கோடு போட்டால் மை பரவும், அதற்கும் எனக்குத்தான் திட்டு விழும். அவ்வளவுதான் காரணம். ஐந்து வருஷத்தில் நான் அழித்த அவர் பெயர்களை எண்ணவில்லை. ஒரு தடவையும் 'மாட்டேன்' என்று சொல்லவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. எனக்கு வேலை வேண்டும், வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும். இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். நான் தலையாட்டுவதில்லை.

அவர் மனைவி ஃப்ரீடாவுக்கு இந்தக் கல் விவகாரம் வேறு காரணத்துக்காகப் பிடிக்காது. பிராங்க்ஸில் அவர்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போயிருந்தேன். மேஜையில் பீட்ரூட் சூப்பு. ஓரத்தில் பாதி வரைந்த பக்கம் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. ஃப்ரீடா அதில் பெயரைப் பார்த்துவிட்டார்.

"யோவ் மனுஷா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? உயிரோட இருக்கறவன் பேரைக் கல்லுல எழுதுவாங்களா?" மூன்று தடவை 'தூ தூ தூ' என்று காற்றில் துப்பினார். "எங்க வீட்டுல உயிரோட இருக்கற தாத்தா பேரைக் குழந்தைக்குக் கூட வைக்கமாட்டோம், மரணதூதன் ஆளை மாத்திக் கூட்டிட்டுப் போயிடுவான்னு. இவரு என்னடான்னா விலாசமே எழுதிக் குடுக்கறாரு!"

"அவனுக்கு நான் எங்க கிடைக்கப் போறேன்? அவன் வர்றதுக்கு முன்னாடி ஃபிலோ அழிச்சிடறா. என் ஆயுசை நீட்டிக்கறதே இவதான்."

ஃப்ரீடா சிரித்துவிட்டார். நான் சூப்பைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தேன்.

1954இல் எல்லாம் வெடித்தது. சித்திரக்கதைகள்தான் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று மருத்துவர்கள் எழுதினார்கள், செனட்டர்கள் விசாரித்தார்கள். எங்கள் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் இதழ்களைக் குவித்து எரித்தார்கள். நான் துண்டு போர்த்திக்கொண்டு நின்று பார்த்தேன். கன்னியாஸ்திரி ஒருவர் கொம்பால் கிளறிவிட்டார். நிழலில்லாத அந்த மனைவி சுருண்டு கறுப்பானாள். போர்க்காலத்தில் கூட இப்படிப் புத்தகம் எரிந்து பார்த்ததில்லை என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார், சந்தோஷமாக.

ஸ்ட்ராட்டின் பெயர் செய்தித்தாளில் வந்தது. தெருவில் ஒரு பெண் அவர் கோட்டில் துப்பினாள். அவர் பயந்துவிட்டார். ப்ளாட்கினுக்கு யாரும் துப்பவில்லை, யாருக்கும் அவரைத் தெரியாது. அக்கம்பக்கத்தில் ஃப்ரீடா தன் கணவர் வாழ்த்து அட்டை வரைகிறார் என்று சொல்லி வைத்திருந்தார்.

அந்த வாரம்தான் 'ஈர மண்' கடைசி இதழுக்கான பக்கங்கள் முடிந்தன. ஏழாம் பக்கம், கீழ்க் கட்டம், இடது பக்கம் மூன்றாவது கல். வழக்கமாக ஒளித்து வைப்பார். அன்று ஒளிக்கவில்லை. பாசி இல்லை, விரிசல் இல்லை, தெளிவாக 'இஸிடோர் ப்ளாட்கின்' என்று முழுப் பெயர்.

ஸ்ட்ராட் பார்த்து வெளிறிப்போனார். "இஸி, வெளியில நம்மளை உயிரோட கொளுத்தத் தயாரா நிக்கறாங்க. உனக்கு இப்பவா பேரு வேணும்?"

"இப்பத்தான் வேணும். துப்பறதுன்னா சரியான ஆளு மேல துப்பட்டும். நீ ஏன் வாங்கிக்கறே?"

ஸ்ட்ராட் பக்கத்தை என் மேஜையில் வைத்தார். ப்ளாட்கின் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தூரிகையை எடுத்து, வெள்ளையைக் கலக்கி, இரண்டு பூச்சு பூசினேன். இரண்டு. ஒன்று போதாதா என்று கூட நான் யோசிக்கவில்லை.

அடுத்த மாதம் அறையைப் பூட்டினார்கள். நான் ஒரு மருத்துவமனையின் துணி அறையில் சேர்ந்தேன், இன்னமும் அங்கேதான் இருக்கிறேன். ப்ளாட்கின் ஒரு பெரிய கடைக்கு விளம்பரப் பலகை எழுதப் போனார். 'கோட்டுகள் பாதி விலை', 'குழந்தைகள் காலணி இரண்டாம் மாடி'. வருஷத்துக்கு நாலைந்து தடவை அவர்கள் வீட்டுக்குப் போவேன். சாப்பிட்டு முடித்ததும் அவர் இடது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். எதற்கு என்று யாரும் கேட்கமாட்டோம்.

பதினேழு வருஷம் கழித்து, 1971 ஜூலையில், அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். அன்று இதழ்களை எரித்த பிள்ளைகள் எல்லாம் இப்போது பெரியவர்களாகி, பழைய இதழ்களைத் தேடி வாங்குகிறார்களாம். மன்ஹாட்டனில் ஒரு ஓட்டலில் மாநாடு நடத்துகிறார்களாம். ஸ்ட்ராட் சிறப்பு விருந்தினர். அவர் படங்களைத் தொகுத்து ஒரு பெரிய புத்தகம் வரப்போகிறதாம்.

"என்கூட வர்றியா ஃபிலோ? தனியாப் போனா அடிச்சிடுவேனோன்னு பயமா இருக்கு."

"யாரை?"

"தெரியல. அதான் பயம்."

போனோம். பெரிய கூடம், ஜன்னலோரமாக நீள மேஜைகள். ஸ்ட்ராட்டின் தலைக்கு மேல் துணிப் பதாகை: 'திகில் ஓவியத்தின் மன்னர்'. தலை நரைத்து, நல்ல நிறம் கூடியிருந்தார். முன்னால் நாற்பது பேர் வரிசை. ஒருவன் கேட்டான்:

"சார், அந்த ஸ்ட்ராட் விரல் எப்படி சார் தோணுச்சு?"

எனக்கு முதலில் புரியவில்லை. பக்கத்திலிருந்தவன் தன் சுண்டு விரலைக் கோணலாக வைத்துக் காட்டிச் சிரித்தான். இன்னும் நாலைந்து பேர் அதேபோல வைத்துக் காட்டினார்கள். அவர்கள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஸ்ட்ராட் விரல். அடையாளச் சின்னமாகச் சட்டையில் அச்சடித்துக்கொண்டு கூட ஒருவன் நின்றான்.

ஸ்ட்ராட் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சவக்கிடங்குல போய் உக்காந்து பாத்தேன், தம்பிங்களா. சாவு வந்தா மொதல்ல சுருங்கறது சுண்டு விரல்தான்."

எல்லாரும் 'ஆகா' என்றார்கள். ப்ளாட்கின் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். துணிக்குள் அது இறுகுவது தெரிந்தது.

வரிசையில் முதலில் நின்றவர் வென்டல் கோப். நியூ ஜெர்சியில் பல் மருத்துவர். பெரிய தோல் உறையிலிருந்து ஒரு அசல் பக்கத்தை எடுத்து மேஜையில் பரப்பினார். அச்சகத்துக் குப்பையிலிருந்து எவனோ காப்பாற்றி விற்றதாம். ஏழாம் பக்கம். கீழ்க் கட்டம். இடது பக்கம் மூன்றாவது கல் வெறுமையாக இருந்தது, லேசாகப் பழுத்த வெள்ளையில். ஸ்ட்ராட் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட அந்தக் கல்லுக்கே பேனாவைக் கொண்டுபோனார். காலியிடம் அதுதானே.

"அங்க போடாதீங்க."

என் குரல்தான். என் வாழ்நாளில் அத்தனை பேர் நடுவில் நான் பேசியதே இல்லை. எல்லாரும் திரும்பினார்கள்.

ஸ்ட்ராட் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். உடனே வாயெல்லாம் சிரிப்பு. "அட, நம்ம ஃபிலோ! இவ எங்க ஆபீஸ்ல அழிக்கற பொண்ணுப்பா."

"ஆமா, அழிக்கறவதான். எதை அழிச்சேன்னு கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. நான் கோப்பிடம் திரும்பினேன். "டாக்டர், அந்தப் பக்கத்தை ஜன்னல்ல வச்சுப் பாருங்க. வெள்ளைக்கு அடியில பேரு இருக்கு. நான்தான் பூசினேன், ரெண்டு பூச்சு. இதோ நிக்கறாரே, இவரு பேரு."

"இதை யாரும் தொடக் கூடாது" என்றார் கோப்.

"நான் தொடல. நீங்களே பாருங்க."

ஸ்ட்ராட்டின் சிரிப்பு போய்விட்டது. மேஜைக்கு மேல் குனிந்து, ப்ளாட்கினிடம் மட்டும் கேட்பது போலச் சொன்னார்: "இஸி, துப்பு விழுந்தப்போ என் பேருதான்யா நின்னுச்சு. அப்ப நீ எங்க இருந்தே? வீட்டுல வாழ்த்து அட்டை வரையறேன்னு சொல்லிட்டு உக்காந்திருந்தே. இப்ப மாலை விழறப்ப வந்துட்டியா?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அந்தப் பக்கம் அங்கே வந்தது என்று எனக்குத் தோன்றியது. ப்ளாட்கின் பையிலிருந்து கையை எடுத்து மேஜை மேல் வைத்தார், பக்கத்துக்குப் பக்கத்தில். கோணல் விரல், அதற்கு அருகில் மையில் வரைந்த அதே கோணல் விரல்.

"அந்த வாரம் எழுதினதுதான் ஆல்வின் இது. முழுப் பேரு. சரியான ஆளு மேல துப்பட்டும்னு சொன்னேன். மறந்துட்டியா?"

மருத்துவருக்கு ஆர்வம் அடங்கவில்லை. பக்கத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். கண்ணாடியில் வைத்து, முகத்தை அருகே கொண்டுபோனார். நல்ல வெயில். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உதடு அசைந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரின் உதடு எப்படி அசையுமோ அப்படி. 'ப்ளாட்கின்' என்ற பெயரின் 'ப்' எனக்குக் கண்ணால் கேட்டது.

பிறகு பக்கத்தைத் தோல் உறைக்குள் வைத்து மூடினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். "வெறும் அழுக்கு."

"உங்க வாய் படிச்சுதே!"

"அம்மா, இது ஸ்ட்ராட் பக்கம். நான் ஸ்ட்ராட் பக்கத்தைத்தான் வாங்கினேன்."

வேறு யாரும் ஜன்னலுக்குப் போய்ப் பார்க்க அவர் விடவில்லை. சட்டையில் விரல் போட்டிருந்தவன் "பாட்டி, வரிசையை மறிக்காதீங்க" என்றான். எனக்கு முப்பத்தொன்பது வயது. மாநாட்டுக்காரர் ஒருவர் மரியாதையாக எங்களை வாசல் வரை கொண்டுவந்து விட்டார்.

ரயிலில் இரண்டு நிறுத்தம் தாண்டியதும் ப்ளாட்கின் சொன்னார், "பாவம் அந்தப் பல் டாக்டர். ஊர்ல இருக்கற வாயெல்லாம் திறக்கத் தெரியுது, தன் வாயை மட்டும் திறக்க முடியல." நான் சிரிக்கவில்லை. அவர் இடது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஓர் இளைஞன் அதைப் பார்த்து, உற்சாகமாக, "ஸ்ட்ராட் விரல்!" என்று கத்தினான். அவனும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ப்ளாட்கின் கையைக் கீழே போட்டார். அதற்குப் பிறகு பொது இடத்தில் அவர் கையைத் தூக்கி நான் பார்க்கவில்லை. தொழில் போய் விளம்பரப் பலகை எழுதியபோது கூட விடாத பழக்கம். அதை அந்த ஒரு கத்தல் எடுத்துவிட்டது.

புத்தகம் தயாரிப்பவர்களுக்கு நான் கடிதம் எழுதினேன். என் எழுத்து பிழையாக இருக்கும் என்று ஃப்ரீடா திருத்திக் கொடுத்தார். எந்த இதழ், எந்தக் கதை, எத்தனையாவது கல் என்று நினைவிருந்த எல்லாவற்றையும் எழுதினேன், நாலு பக்கம். இரண்டு வரியில் பதில் வந்தது. அக்காலத்தில் பல உதவியாளர்கள் இருந்தது தங்களுக்குத் தெரியும் என்றும், நினைவுகளைப் பகிர்ந்ததற்கு நன்றி என்றும். இன்னும் மூன்று கடிதம் எழுதினேன். அதற்குப் பதில் இல்லை.

1978 பிப்ரவரியில் ப்ளாட்கின் இறந்துபோனார். அவர்கள் யூத வழக்கப்படி பதினோரு மாதம் கழித்துக் கல்லறைக் கல்லைத் திறந்தார்கள். துணியை விலக்கியதும் ஃப்ரீடா அதில் இருந்த பெயரைக் கையால் தடவிப் பார்த்தார். "இப்ப எழுதிக்கோ மனுஷா" என்றார். என்னைப் பார்த்து, "இதை அழிச்சுடாதே" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது 1988. கோப் அந்தப் பக்கத்தை ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், பின்னால் வெளிச்சம் படாது. கீழே அட்டையில் ஆல்வின் ஸ்ட்ராட் என்றும், வெள்ளைப் பூச்சுகள் ஓவியர் தன் கையால் செய்த திருத்தங்கள் என்றும் எழுதியிருக்கிறது. பெயரை மாற்றக் கேட்டு மாதம் ஒரு கடிதம் போடுகிறேன். ஸ்ட்ராட் ஃப்ளோரிடாவில் நலமாக இருக்கிறார். அந்த விரலுக்கு இன்றும் ஸ்ட்ராட் விரல் என்றுதான் பெயர்.